குடுத்த லைசென்சைத் திரும்பிக் கேக்கலாமா? - ஒரு புரோட்டாக் கடைப் பஞ்சாயத்து

முதல்ல ஒரு வாக்குமூலம்.

போன மாசம் ஒருநாள் ராத்திரி பன்னெண்டரை மணிக்கு ஒரு பதிவை எழுதி முடிச்சுட்டு, வெளியிடுற பட்டன் மேல விரலை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். தலைப்பு: "இன்று முதல் என் கன்வெர்ட்டரை யாரும் பயன்படுத்தக் கூடாது". மொத்தமே நாலு வரி. அனுமதி ரத்து, மீறினால் சட்ட நடவடிக்கை, இப்படிக்கு நான். அவ்வளவுதான்.

வெளியிடலை. ஏன் வெளியிடலைங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க மக்களே.

தெரியாதவங்களுக்குக் கதைச்சுருக்கம். நான் சிவகாசியில ஒரு அச்சகத்துல டிடிபி பாக்குறவன். எங்க ஊர்ல பேஜ்மேக்கர் இன்னும் உயிரோட இருக்கு. அதுக்கும் தமிழ் யூனிகோடுக்கும் ஏழாம் பொருத்தம். கஸ்டமர் வாட்ஸப்புல காலண்டர் மேட்டரை யூனிகோடுல அனுப்புவார். நாங்க அதைப் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவுக்கு மாத்தித்தான் பக்கத்துல ஒட்டணும். ஒரு கொம்பு இடம் மாறிச்சுன்னா மொதலாளி மூஞ்சி மாறிடும். இந்தத் தலைவலி தாங்காம 2012-ல ஒரு சின்ன நிரலி எழுதினேன். எண்ணூத்திச் சொச்சம் வரி. ஜிபிஎல் ரெண்டாம் பதிப்பு லைசென்ஸ் போட்டு, 'எடுத்துக்கோங்கய்யா'ன்னு வெளிய விட்டேன். சாத்தூர், அருப்புக்கோட்டை, கோவில்பட்டின்னு டிடிபி கடைக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. நாலஞ்சு பேர் திருத்தமும் எழுதி அனுப்பினாங்க. ஒரே சந்தோசம்.

போன ஆடிப்பெருக்குக்கு இடி விழுந்துச்சு. (ஆடி 18-க்குத்தான் எங்க ஊர்ல அடுத்த வருசக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க. சீசன் அங்கதான் ஆரம்பம்.) ஒரு கம்பெனிக்காரங்க என் நிரலியை எடுத்து, என் பேரை அழிச்சு, லைசென்ஸ் கோப்பைத் தூக்கிக் கடாசிட்டு, மூலநிரலையும் மூடி, புதுப் பேர் வச்சு, ஒரு கம்ப்யூட்டருக்கு இவ்வளவுன்னு வித்துக்கிட்டு இருக்காங்க. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேக்குறீங்களா? நான் 2012-ல அவசரத்துல 'கோப்பு'ன்னு அடிக்கிறதுக்குப் பதிலா 'கோப்ப்பு'ன்னு அடிச்சிருந்தேன். அந்த எழுத்துப்பிழை அப்படியே அங்க உட்கார்ந்து என்னைப் பாத்துச் சிரிக்குது!

கம்பெனி பேர் வேண்டாம். அது இந்தப் பதிவோட விசயமில்லை. விசயம், அதைக் கேள்விப்பட்டதும் நம்ம பதிவுலக நண்பர்கள் எனக்குச் சொன்ன யோசனை. கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பாட்டு. "உன் கோடு. உன் உரிமை. ஓசியில குடுத்ததுதானே? ரத்து பண்ணிட்டுப் போ. இனிமே ஒருத்தனும் தொடக் கூடாது!"

அது தப்பு. சட்டப்படியும் பெரும்பாலும் தப்பு, நியாயப்படி முழுசாத் தப்பு. இதான் என் கட்சி. இனிமே சண்டை.

1. எங்க ஊர் லைசென்ஸும் இந்த லைசென்ஸும்

விருதுநகர்ல எண்ணெய் புரோட்டா சாப்பிட்டுக்கிட்டே இந்தக் கதையை ஒரு அண்ணாச்சிகிட்ட சொன்னேன். சின்னதா ஒரு பயர் ஆபீஸ் வச்சிருக்கிறவர். சால்னாவை ஊத்திக்கிட்டே கேட்டார்: "ஏம்ப்பா, லைசென்ஸ்னாலே ரத்து பண்றதுக்குத்தானே இருக்கு? குடுத்தவனுக்கு ரத்து பண்ணத் தெரியாதா?"

அவரைச் சொல்லிக் குத்தமில்லை. எங்க ஜில்லாவுல லைசென்ஸுன்னா டி.ஆர்.ஓ லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ், இம்புட்டுத்தான். 1884-ம் வருச வெடிமருந்துச் சட்டத்துல 6-இ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. லைசென்ஸை மாத்தவோ, நிறுத்தி வைக்கவோ, ரத்து பண்ணவோ அதிகாரிக்கு அதிகாரம் குடுக்கிற பிரிவு. ரூமுக்கு இத்தனை பேர்னு இருக்கிற கணக்கை மீறி ஆளை உட்கார வச்சாலோ, மரத்தடியில வச்சு வேலை பார்த்தாலோ, லைசென்ஸை உள்குத்தகைக்கு விட்டாலோ ரத்துதான். ரத்து ஆகணும். அது உயிர் போற சமாச்சாரம்.

பசுமைப் பட்டாசையும் எடுத்துக்கோங்க. 2018 அக்டோபர் 23-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் நாக்பூர்ல இருக்கிற நீரி நிறுவனத்தோட பார்முலாவைத்தான் இங்க பிடிக்க வேண்டியதாச்சு. சும்மா கிடைக்குமா? ஒப்பந்தம் போடணும், வெளிய சொல்ல மாட்டேன்னு ரகசியக் காப்புக்கும் கையெழுத்துப் போடணும். ரெண்டு பேர் எதிரெதிர உட்கார்ந்து போட்ட ஒப்பந்தம். இவர் மீறினா அவர் முறிச்சுக்கலாம்.

நான் ஜிபிஎல் போட்டு வெளிய விட்டது இந்த ரெண்டுமே இல்லை. நான் அதிகாரியும் இல்லை, எதிர்ல யாரும் உட்காரவும் இல்லை. ஊருக்கே பொதுவா, முகம் தெரியாத ஆளுக்கெல்லாம், 'இந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டா எடுத்துக்கோ'ன்னு சொன்ன சொல் அது.

இன்னொரு வித்தியாசம்தான் முக்கியம். பட்டாசு லைசென்ஸை ரத்து பண்ணினா பக்கத்து வீட்டுக்காரன் பிழைப்பான். என் லைசென்ஸை ரத்து பண்ணினா பக்கத்து வீட்டுக்காரன் பிழைப்புதான் போகும். ரெண்டுக்கும் ஒரே பேர் இருக்கிறதுதான் வினை.

2. வரப்புல விட்ட தடம்

"சட்டத்துல என்ன இருக்கு, அதைச் சொல்லு"ன்னு சில பேர் கிளம்பி வருவீங்க. வாங்க.

உங்க பக்கம் இருக்கிற பலமான வாதத்தை நானே சொல்லிடுறேன். காசு வாங்காம, எழுதி வாங்காம, சும்மா குடுத்த அனுமதியைக் குடுத்தவர் எப்ப வேணா திரும்ப எடுத்துக்கலாம்ங்கிறதுதான் பழைய பொது விதி. 1872-ம் வருச ஒப்பந்தச் சட்டம் 25-வது பிரிவுப்படி, பிரதிபலன் இல்லாத உடன்படிக்கை பொதுவா செல்லாது. அதனால 'ஓசி லைசென்ஸ் ஒப்பந்தமே இல்லை, ஆகவே ரத்து பண்ணலாம்'. இது முட்டாள்தனமான வாதம் இல்லை. ஒத்துக்கிறேன்.

ஆனா அந்த விதிக்கு நம்ம ஊர்க்காரனுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு விலக்கு இருக்கு. பக்கத்துக் காட்டுக்காரர் நம்ம வரப்பு வழியாப் போய்க்கிறேன்னு கேக்குறார். 'போய்க்கோங்க மாமா'ங்குறோம். நாளைக்குச் சண்டை வந்தா முள்ளு வெட்டிப் போடலாம். சரி. ஆனா நம்ம பேச்சை நம்பி அவர் காசு செலவழிச்சு அந்தத் தடத்துல நிரந்தரமா ஒரு வேலை பண்ணிட்டார்னா? 1882-ம் வருச ஈஸ்மென்ட் சட்டம் 60-வது பிரிவைப் படிங்க. அனுமதியை நம்பிச் செலவு பண்ணி நிரந்தர வேலை செஞ்சிருந்தா, குடுத்தவர் இஷ்டத்துக்கு ரத்து பண்ண முடியாது.

அது நிலத்துக்கான சட்டம், நிரலிக்கு நேரா ஒட்டாது, தெரியும். ஆனா அதோட நியாயம் எல்லா இடத்துக்கும் உண்டு. ஒருத்தனை நம்ப வச்சு, அவன் நம்பிக் காரியம் பண்ணின பிறகு, 'நான் அப்படிச் சொல்லலை'ன்னு பல்டி அடிக்கக் கூடாது. இதுக்குச் சட்டத்துல முரண்தடைன்னு பேர். 1872 சாட்சியச் சட்டத்துல 115-வது பிரிவா இருந்தது. 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறையில இருக்கிற புதுச் சாட்சியச் சட்டத்துல 121-வது பிரிவா இருக்கு.

இதையெல்லாம் நான் ஏட்டுல படிக்கிறதுக்கு முன்னாடியே எனக்குப் புரிய வச்சது சாத்தூர்ல டிடிபி கடை வச்சிருக்கிற ஒரு அக்கா. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் கொடை நோட்டீஸ். என் நிரலியை நம்பி, பழைய விசைப்பலகையே தெரியாத ரெண்டு பிள்ளைகளை வேலைக்குச் சேர்த்து, செல்போன்ல அடிக்கிற மாதிரியே அடிங்கம்மான்னு சொல்லிக் குடுத்து, லோன் போட்டு ரெண்டு கம்ப்யூட்டரும் வாங்கியிருக்காங்க. ரத்து பண்ணப் போறேன்னு போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தம்பி, அவங்க பண்ணினதுக்கு நான் என்ன பண்ணினேன்?"னு கேட்டாங்க.

பதில் சொல்ல முடியலை. இப்ப வரைக்கும் முடியலை.

3. செட்டில்மென்ட் பத்திரம் தெரியுமில்ல?

நம்மாளுகளுக்குச் சொத்து உதாரணம் சொன்னாத்தான் ஏறும். அப்பா மகனுக்கு வீட்டைத் தான செட்டில்மென்ட் எழுதி வைக்கிறார். ரெண்டு வருசம் கழிச்சு மருமகளோட வாய்த்தகராறு. 'ரத்து'ன்னு ஒருதலைப்பட்சமா எழுதிட முடியுமா? சொத்து மாற்றுச் சட்டம் 126-வது பிரிவு, குடுத்தவரோட மனசு மாறினது மட்டுமே தானத்தை ரத்து பண்ணப் போதாதுங்குது.

ஆனா 2007-ல மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்துச்சு. அதோட 23-வது பிரிவு என்ன சொல்லுது? 'என்னைக் கவனிச்சுக்கணும்'ங்கிற நிபந்தனையோட எழுதிக் குடுத்து, வாங்கினவன் கவனிக்கலைன்னா, அந்த மாற்றத்தைச் செல்லாதுன்னு அறிவிக்க வைக்கலாம்.

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. மனசு மாறினா ரத்து இல்லை. நிபந்தனையை மீறினா, மீறினவனுக்கு ரத்து. ஜிபிஎல் ரெண்டாம் பதிப்போட 4-வது பிரிவு கிட்டத்தட்ட இதேதான். 1991-லயே எழுதி வச்சிட்டாங்க. நிபந்தனையை மீறினவனோட உரிமை தானாவே முடிஞ்சு போகும். ஆனா அவன்கிட்ட இருந்து வாங்கினவங்க ஒழுங்கா நடக்கிற வரைக்கும் அவங்க உரிமை போகாது. 6-வது பிரிவு இன்னும் அழகு: ஒவ்வொரு தடவை கை மாறும்போதும், வாங்குறவருக்கு மூல ஆசிரியர்கிட்ட இருந்தே நேரா அனுமதி போயிடுது.

அதாவது என் பேரை அழிச்சு வித்த கம்பெனியோட லைசென்ஸை நான் ரத்து பண்ண வேண்டிய அவசியமே இல்லை. அவங்க அழிச்ச அன்னைக்கே அது செத்துப் போச்சு. சாத்தூர் அக்காவோட லைசென்ஸ் சாகலை. இவ்வளவு தெளிவா எழுதி வச்ச ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு, கோவத்துல ஊரையே கொளுத்தப் பாத்திருக்கேன்.

4. உலகத்துல யாராவது பண்ணிப் பாத்திருக்காங்களா?

பாத்திருக்காங்க. பலன் என்னன்னு பாருங்க.

2000-ம் வருசம். சைபர் பேட்ரோல்னு மேட்டல் கம்பெனியோட தணிக்கை மென்பொருள். ரெண்டு பேர் அதைப் பிரிச்சு மேஞ்சு சிபிஹேக்னு ஒரு நிரலி வெளியிட்டாங்க. உள்ள ஜிபிஎல்னு ஒரு வரி இருந்துச்சு. மேட்டல் வழக்கு போட்டதும், அவங்க தங்களோட காப்புரிமையை மேட்டலுக்கே எழுதிக் குடுத்துட்டாங்க. ஏற்கெனவே ஊருக்கு விட்ட அனுமதி என்ன ஆகும்னு எல்லாரும் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னோம். கோர்ட் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே கேஸ் முடிஞ்சு போச்சு.

2016 மார்ச். லெப்ட்-பேட். வெறும் 11 வரி நிரலி. எழுதினவருக்கும் என்பிஎம் கம்பெனிக்கும் ஒரு பேர் விசயத்துல தகராறு. கோவத்துல தன்னோட நிரலிகளையெல்லாம் களஞ்சியத்துல இருந்து உருவிட்டார். உலகம் பூரா ஆயிரக்கணக்கான புராஜெக்ட் படுத்துக்கிச்சு. ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துல அதைத் திரும்பப் போட்டுட்டாங்க. எப்படி முடிஞ்சது? லைசென்ஸ் இருந்தது! அவர் எடுத்தது தன் பிரதியை. அனுமதியை எடுக்கலை, எடுக்கவும் வழியில்லை.

2018 செப்டம்பர். லினக்ஸ் கெர்னலுக்கு நடத்தை விதிமுறை கொண்டு வந்தாங்க. 'பிடிக்காதவங்க எல்லாரும் தங்கள் பங்களிப்புக்கான அனுமதியை ரத்து பண்ணுங்க'ன்னு ஒரு கோசம் கிளம்புச்சு. கெர்னல் காப்புரிமை ஒரே ஆள்கிட்ட இல்லை, ஆயிரக்கணக்கான பேர்கிட்டப் பிரிஞ்சு கிடக்கு. அதனால பயமாத்தான் இருந்துச்சு. அந்த வருசமே சாப்ட்வேர் ப்ரீடம் கன்சர்வன்சி, ஜிபிஎல் ரெண்டாம் பதிப்பு ஏன் ரத்தாகாதுன்னு விளக்கமா எழுதினாங்க. லினக்ஸ் இன்னைக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

2022 ஜனவரி. கலர்ஸ், பேக்கர்னு ரெண்டு பிரபலமான நிரலிகளை எழுதினவர், பெரிய கம்பெனிகள் ஓசியில பொழைக்குதுங்கிற கோவத்துல, தானே அதுல ஒண்ணைக் கெடுத்துட்டு இன்னொண்ணைக் காலி பண்ணிட்டார். அவர் கோவத்துல நியாயம் உண்டு. ஆனா அடிபட்டது யாரு? பெரிய கம்பெனிக்காரன் பழைய பதிப்பைப் போட்டுட்டுப் போயிட்டான். சின்னவன்தான் ராத்திரி முழுக்க முழிச்சான். பேக்கரைச் சமூகமே எடுத்து நடத்த ஆரம்பிச்சிருச்சு.

கம்பெனிகளே லைசென்ஸ் மாத்தினதும் உண்டு. 2021-ல எலாஸ்டிக், 2023-ல ஹாஷிகார்ப், 2024-ல ரெடிஸ். இத்தனை வக்கீலுங்களை வச்சிருக்கிற கம்பெனிகளும் என்ன பண்ணினாங்க? புதுப் பதிப்புக்கு மட்டும்தான் புது லைசென்ஸ். பழைய பதிப்பைத் தொடலை. டெர்ராபார்மோட பழைய பதிப்பை எடுத்துத்தான் ஓப்பன்டோபு பொறந்துச்சு. திரும்ப எடுத்துக்க வழி இருந்திருந்தா விட்டு வச்சிருப்பாங்களா?

5. நம்ம நாட்டுல ஒரு பொறி இருக்கு

இது வரைக்கும் படிச்சுட்டு, 'அப்பாடா, ரத்தே ஆகாது'ன்னு நிம்மதியாப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க. இந்தப் பதிவுல உருப்படியான பகுதி இதுதான்.

நம்ம 1957 காப்புரிமைச் சட்டத்துல 19(5)-னு ஒரு உட்பிரிவு. உரிமையை எழுதிக் குடுக்கும்போது காலம் எவ்வளவுன்னு சொல்லலைன்னா, 5 வருசம்னு எடுத்துக்கணும். 19(6): எந்த நிலப்பரப்புன்னு சொல்லலைன்னா, இந்தியாவுக்குள்ள மட்டும்னு எடுத்துக்கணும். இது உரிமை மாற்றத்துக்குத்தானேன்னு சமாதானப்பட்டுக்காதீங்க. 30-ஏ பிரிவு, 19-வது பிரிவை லைசென்ஸுக்கும் தேவையான மாறுதலோட பொருத்திப் படிக்கச் சொல்லுது.

இந்தப் பிரிவெல்லாம் வந்தது எழுத்தாளனையும் இசைக்காரனையும் கம்பெனிக்காரன்கிட்ட இருந்து காப்பாத்துறதுக்கு. நல்ல எண்ணம். ஆனா அதே கத்தி இந்தப் பக்கமும் வெட்டும். ஜிபிஎல் ரெண்டாம் பதிப்புல காலம் எதுவும் சொல்லலை. எம்ஐடி லைசென்ஸ்லயும் இல்லை. நாளைக்கு ஒரு பங்களிப்பாளருக்கு மனசு மாறிச்சுன்னா, 'நான் ரத்தே பண்ணலைங்க, 5 வருசம் தானா முடிஞ்சு போச்சு'ன்னு இங்க ஒரு கோர்ட்ல வாதாட இடம் இருக்கு. என் 2012 நிரலிக்கு 2017-லயே கெடு முடிஞ்சதுன்னு நானே வாதாடியிருக்கலாம்!

ஜெயிக்குமா? முரண்தடை குறுக்க நிக்கும். 52(1)(ஏஏ) பிரிவு, நிரலியை முறைப்படி வச்சிருக்கிறவர் அது எதுக்காகக் குடுக்கப்பட்டதோ அதுக்குப் பயன்படுத்திக்கவும், காப்புப் பிரதி எடுத்து வச்சுக்கவும் விடுது. ஆனா சாத்தூர் அக்காவை இந்த வாதத்துக்கெல்லாம் கோர்ட் வாசல்ல நிக்க வைக்கணுமா? ஒரு வரி எழுதினா தீர்ற விசயம். ஜிபிஎல் மூணாம் பதிப்பு (2007) காப்புரிமைக் காலம் முழுக்க, நிபந்தனைக்கு உட்பட்டு, திரும்பப் பெற முடியாதுன்னு வெளிப்படையாச் சொல்லுது. அப்பாச்சி 2.0, நிரந்தரம், உலகம் முழுக்க, திரும்பப் பெற முடியாதுன்னு மூணையும் சொல்லுது. இதையெல்லாம் எழுதினவங்க வேலை இல்லாம எழுதலை.

6. 'ஆனா...'ன்னு வர்றவங்களுக்கு

'தார்மீக உரிமைன்னு ஒண்ணு இருக்கே?' இருக்கு. 57-வது பிரிவு. எழுதினது நான்தான்னு சொல்லிக்கிற உரிமை, என் மானம் கெடுற மாதிரிச் சிதைச்சா தடுக்கிற உரிமை. உரிமையை வித்த பிறகும் இது நம்மகிட்டயே இருக்கும். நல்ல ஆயுதம். என் பேரை அழிச்சவன் மேல இதை எடுத்து வீசலாம். ஆனா இது சிதைச்சவன் மேலதான் பாயும். சும்மா பயன்படுத்துறவன் மேல பாயாது.

'என் நிரலியை அக்கிரமத்துக்குப் பயன்படுத்துறாங்களே?' நியாயமான கேள்வி. 2018 ஆகஸ்டுல லெர்னாங்கிற நிரலியில, அமெரிக்கக் குடியேற்றத் துறையோட வேலை செய்யுற கம்பெனிகளுக்கு அனுமதி இல்லைன்னு ஒரு பத்தி சேர்த்தாங்க. உடனே திரும்ப எடுத்துட்டாங்க. எனக்கும் இப்படிப் பட்ட கோவம் வரும். ஆனா 'எனக்குப் பிடிக்காதவனுக்கு ரத்து'ங்கிற அதிகாரம் ஒவ்வொரு பங்களிப்பாளர் கையிலயும் இருந்துச்சுன்னா, அதை அக்கிரமக்காரன் மட்டுமா பயந்துக்கிட்டு இருப்பான்? ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாம் யாரோ ஒருத்தரோட மனநிலையை நம்பி ஓடணும்.

'நான் ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதின கோடு...' தம்பி, 17(சி) பிரிவைப் படிச்சுட்டு வா. வேலையோட பகுதியா எழுதினதுக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா மொத உரிமையாளர் மொதலாளி. ரத்து பண்ண முதல்ல உன்கிட்ட உரிமை இருக்கான்னு பாரு :-)

7. குடுக்கிறதுக்கு முன்னாடி யோசி

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம்னு நினைக்காதீங்க. பாரதி பாட்டைப் பாருங்க. ஒரு காலத்துல அதுக்கும் சொந்தக்காரங்க இருந்தாங்க. இசைத்தட்டு, சினிமா உரிமை ஏவி.மெய்யப்பன்கிட்ட இருந்துச்சு. 1949-ல ஓமந்தூரார் ஆட்சியில அரசாங்கம் பாரதியோட உரிமைகளை எடுத்துக்கிச்சு, மெய்யப்பன் காசு வாங்காமலே விட்டுக் குடுத்தார். அப்புறம் அது மக்களுக்கே பொதுவாச்சு. எழுபது வருசத்துக்கும் மேல ஆச்சு. எத்தனை புத்தகம், எத்தனை மேடை, எத்தனை ஆராய்ச்சி! இன்னைக்கு யாராவது வந்து 'மனசு மாறிடுச்சு, எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க'ன்னா என்ன சொல்லுவோம்?

மறு பக்கமும் பாருங்க. 2009-ல தமிழக அரசு பல எழுத்தாளர்களோட நூல்களை நாட்டுடைமை ஆக்குறதா அறிவிச்சப்ப, கண்ணதாசன் குடும்பமும் சுந்தர ராமசாமி குடும்பமும் வேண்டாம்னுட்டாங்க. அது அவங்க உரிமை. குடுக்க மாட்டேன்னு சொல்றதுல ஒரு அவமானமும் இல்லை. அதைக் குடுக்கிறதுக்கு முன்னாடி சொன்னாங்க பாருங்க, அதான் முறை.

நம்மாளுங்க பண்றது தலைகீழ். கைத்தட்டலுக்கு ஆசைப்பட்டு, லைசென்ஸைப் படிக்காமலே 'கட்டற்ற மென்பொருள்'னு போட வேண்டியது. அப்புறம் யாராவது அதைக் கட்டில்லாமப் பயன்படுத்தினா நெஞ்சுல அடிச்சுக்க வேண்டியது. பந்தியில இலை போட்டு, சோறு போட்டு, ரசம் வரைக்கும் வந்த பிறகு எந்திரின்னு சொல்றதுக்குப் பேர் உரிமை இல்லை மக்களே.

சரி, நான் என்ன பண்ணினேன்?

ஒண்ணு. அந்த நாலு வரிப் பதிவை அழிச்சேன்.

ரெண்டு. அந்தக் கம்பெனிக்கு மட்டும் வக்கீல் மூலமா நோட்டீஸ் விட்டேன். 'நீங்க நிபந்தனையை மீறினதால உங்க உரிமை முடிஞ்சு போச்சு. பேரைப் போடுங்க, லைசென்ஸ் கோப்பைச் சேருங்க, மூலநிரலைக் குடுங்க. அதுக்கப்புறம் தாராளமா வித்துக்கோங்க, ஜிபிஎல் விக்கிறதைத் தடுக்கலை.' பதில் இன்னும் வரலை. வரும்னு பெரிய நம்பிக்கையும் இல்லை. அடுத்து என்னன்னு வக்கீல்தான் சொல்லணும்.

மூணு. அடுத்த பதிப்பை ஜிபிஎல் மூணுக்கு மாத்திட்டேன். 2012-லயே 'ரெண்டாம் பதிப்பு அல்லது அதுக்குப் பிந்தையது'ன்னு போட்டிருந்ததால தப்பிச்சேன். கூடவே ஒரு வரி: "நான் எழுதிய பகுதிக்கான இந்த அனுமதி காப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் பொருந்தும்." திருத்தம் அனுப்பின நாலஞ்சு பேர்கிட்டயும் இதே வரியைக் கேட்டேன். எல்லாரும் குடுத்துட்டாங்க. ஒருத்தர் மட்டும் மூணு நாள் யோசிச்சுட்டுக் குடுத்தார். அவரைத்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. படிச்சுட்டுக் குடுத்திருக்கார்!

நாலு. 'கோப்ப்பு'வைத் திருத்தலை. அது அப்படியே இருக்கட்டும். ஆதாரம்.

உங்களுக்கும் இதைத்தான் சொல்றேன். எழுத்துரு, விசைப்பலகை, அகராதி, எழுத்துப்பிழை திருத்தின்னு தமிழுக்கு எதையாவது செஞ்சு வெளிய விட்டிருக்கீங்களா? இன்னைக்கே உங்க லைசென்ஸ் கோப்பைத் திறந்து பாருங்க. காலம் இருக்கா, நிலப்பரப்பு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஒரு வரி சேருங்க. குடுக்க மனசு இல்லைன்னா குடுக்காதீங்க, யாரும் தப்பாச் சொல்ல மாட்டோம். அலுத்துப் போச்சுன்னா வேலையை நிறுத்துங்க. அடுத்த பதிப்பை மூடி வைங்க. ஏமாத்தினவனை விடாம துரத்துங்க. இவ்வளவும் உங்க உரிமை.

குடுத்ததைத் திரும்பக் கேக்குறது மட்டும் உங்க உரிமை இல்லை. ஏன்னா அதை இப்ப சாத்தூர்ல ரெண்டு பிள்ளைங்க தட்டிக்கிட்டு இருக்காங்க.

பின்னூட்டத்துல கும்முறவங்க கும்மலாம். அண்ணாச்சி கட்சிக்காரங்க எத்தனை பேர்னு பாத்துருவோம்.

டிஸ்கி 1: நான் வக்கீல் இல்லை, டிடிபி ஆபரேட்டர். பிரிவு நம்பரையெல்லாம் படிச்சுட்டு எழுதியிருக்கேன். ஆனா கேஸ் போடுறதுன்னா வக்கீலைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க.

டிஸ்கி 2: அன்னைக்கு எண்ணெய் புரோட்டாவுக்குக் காசு குடுத்தது அண்ணாச்சி. பிரதிபலன் இல்லாமக் குடுத்தது. இன்னும் திரும்பக் கேக்கலை :-)